தரங்கம்பாடிக் கடிதங்கள் முதல் வேலைவாய்ப்பு வரை: கிறிஸ்தவ வரலாற்று ஆய்வு பற்றிய கேள்வி பதில்

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ வரலாறு, அதிலும் 18ஆம் நூற்றாண்டுத் தரங்கம்பாடி, என் ஆய்வுத் துறை. கேள்வி அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. ஒரே பொருளில் வந்தவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன். பாதிப்பேர் வரலாற்றைக் கேட்டிருக்கிறீர்கள், மீதிப்பேர் இதை வைத்துப் பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

கேள்வி (சென்னை, பொறியாளர்): புனித தோமா கி.பி. 52இல் இந்தியா வந்தார் என்பது உண்மையா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் மேடம்.

பதில்: அந்த ஆண்டை உறுதிசெய்யும் சமகாலச் சான்று எதுவும் இல்லை. அது பிற்கால மரபு தரும் ஆண்டு. ஆனால் ‘சான்று இல்லை, ஆகவே வரவில்லை’ என்று அடுத்த அடி எடுத்து வைத்தால் அதுவும் தவறு. கையில் இருப்பதைப் பார்ப்போம். தோமாவின் பணிகளைச் சொல்லும் சிரியாக் நூல் 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் வரும் கொண்டபோரஸ் என்ற அரசன் கற்பனைப் பாத்திரம் அல்ல. முதல் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்டவன், அவன் வெளியிட்ட நாணயங்கள் கிடைத்திருக்கின்றன. முசிறிக்கும் எகிப்துக்கும் இடையே அப்போது கப்பல்கள் போய்வந்தன என்பதிலும் ஐயமில்லை. வந்திருக்க முடியும் என்பது வேறு, வந்தார் என்பது வேறு.

6ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற பயணி மலபார்க் கரையிலும் இலங்கையிலும் கிறிஸ்தவர்கள் இருந்ததைக் குறிப்பிடுகிறார். 849ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு ஒரு தேவாலயத்துக்கு நிலமும் உரிமைகளும் தந்ததைப் பதிவுசெய்கிறது. இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால் நாம் கெட்டியான தரையில் நிற்கிறோம். பரங்கிமலைக்குப் போகிறவர்கள் 1547இல் போர்த்துக்கீசியர் காலத்தில் கிடைத்த பகலவி என்ற பழைய பாரசீக எழுத்துள்ள சிலுவையைப் பாருங்கள். போர்த்துக்கீசியருக்கு வெகுகாலம் முன்பே பாரசீகத் திருச்சபையோடு இந்தக் கரைக்கு உறவு இருந்ததற்கு அது கல்லில் நிற்கும் சாட்சி.

கேள்வி (திருச்சி, முதுகலை வரலாறு மாணவி): மேடம், தரங்கம்பாடி பற்றி ஆய்வு செய்ய ஆசை. எங்கள் துறையில் ஆங்கிலம் போதும் என்கிறார்கள். போதுமா?

பதில்: போதாது அம்மா. இதைத்தான் இன்றைக்கு அழுத்திச் சொல்ல நினைத்தேன், நீங்களே கேட்டுவிட்டீர்கள்.

ஜெர்மானிய மிஷனரிகளான சீகன்பால்குவும் புளுட்சோவும் 1706 ஜூலை 9 அன்று, டேனியர் வசம் இருந்த தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக். பின்னால் நின்று தாங்கியது ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பிராங்கே நிறுவனம். அச்சு இயந்திரம் வந்தது லண்டனில் இருந்த ஒரு ஆங்கிலேயச் சங்கத்தின் உதவியால். தெருவில் பேசிய பொதுமொழி போர்த்துக்கீசியம். ஆகவே ஆவணங்கள் ஜெர்மன், டேனிஷ், போர்த்துக்கீசியம், லத்தீன், தமிழ் என்று சிதறிக் கிடக்கின்றன. ஆங்கிலத்தில் இருப்பது பெரும்பாலும் பிறர் வடிகட்டித் தந்தது.

எல்லாவற்றையும் கற்க வேண்டாம். தமிழோடு ஜெர்மன் போதும், தொடங்கிவிடலாம். அந்த ஜெர்மனிலும் ‘குரெண்ட்’ எனப்படும் பழைய கையெழுத்தைப் படிக்கப் பழக வேண்டும். அதில் n, u இரண்டும் ஒரே மாதிரி இரண்டு கோடுகளாக நிற்கும். u எழுத்தின் தலையில் மட்டும் ஒரு சின்ன வளைவு இருக்கும். எழுதியவர் அவசரத்தில் அதை விட்டிருந்தால், முழுச் சொல்லையும் ஊகித்துத்தான் படிக்க வேண்டும். தமிழ் ஓலையிலும் இதே பாடுதான். மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை, எகர ஏகார வேறுபாடு இல்லை, காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். இரண்டு எழுத்துமுறையையும் பழகிய கண் உலகத்தில் மிகச் சிலரிடம்தான் இருக்கிறது. ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு அதில் பாதி வேலை பிறந்த வீட்டிலேயே முடிந்துவிடுகிறது.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், தமிழர்கள் பேசிய பேச்சு அந்த ஜெர்மன் தாள்களுக்குள்தான் இருக்கிறது. 1712 முதல் 1714 வரை சீகன்பால்குவும் சக மிஷனரி கிருண்ட்லரும் தமிழ் அறிஞர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பிப் பதில் வாங்கினார்கள். அப்படி வந்தவற்றில் 99 கடிதங்கள் ஜெர்மனில் பெயர்த்து ஹாலேயில் அச்சாயின. தமிழ் மூலம் நமக்குக் கிடைக்கவில்லை. உங்கள் ஊரார் எங்கள் மதத்தை ஏன் வெறுக்கிறார்கள் என்று கேட்டதற்கு ஒருவர் கூச்சப்படாமல் பதில் எழுதுகிறார்: மாட்டை அறுத்துத் தின்கிறீர்கள், குடிக்கிறீர்கள், மலஜலம் கழித்தபின் கழுவுவதில்லை, செத்தவருக்குச் சரியாகச் சடங்கு செய்வதில்லை. முந்நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு சோழமண்டலக் கரைவாசி ஐரோப்பியனை நேருக்கு நேர் அளந்து பார்க்கிறார்! அந்த ஜெர்மன் வாக்கியத்துக்கு அடியில் எந்தத் தமிழ்ப் பேச்சு ஓடுகிறது என்று கேட்கத் தமிழ்க் காது வேண்டும்.

ஹாலே காப்பகம் இந்தக் கடிதங்களில் பெரும்பகுதியை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. திருச்சியில் இருந்தபடியே பயிற்சி தொடங்கலாம்.

கேள்வி (கோவை): நான் சைவன். சைவ இலக்கிய வரலாற்றில்தான் ஆர்வம். மிஷனரி ஆவணம் எனக்கு எதற்கு?

பதில்: 1708இல் சீகன்பால்கு தன்னிடம் இருந்த தமிழ் நூல்களுக்கு ஒரு விளக்கப் பட்டியல் எழுதினார். அதில் 119 நூல்கள் நம் சமய, இலக்கிய நூல்கள். திருக்குறள் இருக்கிறது, சிவவாக்கியம் இருக்கிறது. ஒவ்வொன்றும் எதைப் பற்றியது, மக்கள் அதை எப்படி மதிக்கிறார்கள் என்று குறிப்பும் உண்டு. இறந்துபோன அறிஞர்களின் விதவைகளிடமிருந்து தன் எழுத்தர்கள் மூலம் சுவடிகளை வாங்கியதாக அவரே எழுதியிருக்கிறார். உ.வே.சா. ஏடு தேடிப் புறப்படுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் முன்னால், கடற்கரையூர் ஒன்றில் எந்த நூல்கள் புழங்கின என்று காட்டும் ஆவணம் இது. அதே மனிதர் 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி எழுதிய பெரிய நூலை ஹாலே அச்சிடவில்லை. அது 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. உங்களுக்கு இங்கே நிறைய வேலை இருக்கிறது.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆயர், தஞ்சாவூர்): மகளே, சபைக்குள் சாதி பிற்காலத்தில் நுழைந்தது என்று நாங்கள் பிரசங்கத்தில் சொல்வதுண்டு. சரிதானா?

பதில்: இல்லை ஐயா. தொடக்கத்திலேயே இருந்தது. முதல் தமிழ்ப் புராட்டஸ்டன்ட் குருவாக 1733 டிசம்பர் 28 அன்று ஆரோன் அபிஷேகம் பெற்றார். அவர் வேளாளர். அதே காலத்தில் இராஜநாயக்கன் என்ற உபதேசியார், அதாவது குருப்பட்டம் பெறாத போதகர், இருந்தார். தஞ்சை அரசரின் படையில் சேவகம் செய்தவர், பறையர் சமூகத்தவர், தஞ்சைப் பகுதியில் சபையை வளர்த்தவர், அதற்காக அடியும் மிரட்டலும் தாங்கியவர். அடுத்த குருவைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் பெயர் பேசப்பட்டது. அவர் கையால் நற்கருணை வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் தயங்குவார்கள், திருவிருந்தின் மதிப்பே அவர்களிடம் குறைந்துவிடும் என்று சொல்லி மிஷனரிகள் அவரை ஒதுக்கினார்கள். 1741இல் தியோகு என்ற வேறொருவர் குருவானார். இராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியார்தான்.

இது மிஷனரிகளே எழுதி வைத்த காரணம், எதிரிகள் கட்டிய கதை அல்ல. ஆரோனுக்கு நூற்றாண்டு விழாக்கள் எடுக்கிறோம். இராஜநாயக்கனின் பெயரையும் பிரசங்க பீடத்திலிருந்து ஒருமுறை சொல்லுங்கள் ஐயா, அதைக் கேட்க வேண்டியவர்கள் உங்கள் சபையிலேயே இருப்பார்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம்): வெள்ளைக்கார அரசும் பணமும் சேர்ந்துதானே மதம் மாற்றின?

பதில்: சில இடத்தில் ஆம், பல இடத்தில் கதை வேறு. தரங்கம்பாடியின் டேனிஷ் தளபதி ஹாசியுஸ், தன் மன்னர் அனுப்பிய சீகன்பால்குவையே 1708இல் பிடித்து நான்கு மாதம் கோட்டைச் சிறையில் போட்டார். கிழக்கிந்தியக் கம்பெனி 1813 வரை மிஷனரிகளை எளிதில் உள்ளே விடவில்லை, வியாபாரம் கெடும் என்ற பயம். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களில் மாறியதற்கு முத்துக் கரையைக் காக்கும் போர்த்துக்கீசியப் படைத்துணை ஒரு முக்கியக் காரணம். திருநெல்வேலியில் சுந்தரானந்தம் டேவிட் போன்ற உள்ளூர்க்காரர்கள்தான் ஊர் ஊராகப் போனார்கள். துன்புறுத்தப்பட்டவர்களுக்காக 1799இல் முதலூர் உருவானது. 1876–78 தாதுவருடப் பஞ்சத்தின்போது பல்லாயிரம் பேர் சேர்ந்தார்கள், கஞ்சித்தொட்டிக்கும் அந்த எண்ணிக்கைக்கும் தொடர்பு இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாகக் காரணம் தேட வேண்டும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அக்கா, எங்கட பக்கத்து ஆவணங்கள் எங்க இருக்கு? நாவலரைப் பற்றி எழுதவும் மிஷன் ஆவணம் தேவைப்படுமோ?

பதில்: கட்டாயம் தேவை தம்பி. அமெரிக்க மிஷனின் கடிதங்கள் ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கின்றன. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியின் அறிக்கைகளையும், 1841 முதல் வந்த உதயதாரகை இதழையும் பாருங்கள். ஆறுமுக நாவலர் மெதடிஸ்ட் பள்ளியில் மிஷனரி பெர்சிவலோடு வேலை செய்தவர். பள்ளி, அச்சகம், பிரசங்கம் என்ற மூன்றையும் அங்கேதான் பக்கத்திலிருந்து பார்த்தார். பிறகு வண்ணார்பண்ணையில் அவற்றைச் சைவத்துக்காக நடத்தினார். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளையும் வட்டுக்கோட்டைப் பழைய மாணவர்தானே.

கேள்வி (நாகர்கோவில், பள்ளி ஆசிரியை): பெண்கள் எங்கே?

பதில்: பதிவேடுகளில். 1780ஆம் ஆண்டின் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பேர், முதல் பெயர் குளோரிந்தா. தஞ்சையைச் சேர்ந்த பிராமண விதவை. ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு வாழ்ந்தார் என்பதால் மிஷனரி ஸ்வார்ட்ஸ் முதலில் ஞானஸ்நானம் தர மறுத்தார், அந்த அதிகாரி இறந்தபின் 1778இல் கொடுத்தார். பாளையங்கோட்டையில் அவர் எழுப்பிய கோயிலைச் சனங்கள் இன்றைக்கும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்கிறார்கள். அந்தப் பதிவேட்டில் அவர் பெயருக்குக் கீழே இருக்கும் மற்றப் பெண்களைப் பற்றி யாராவது எழுத வேண்டும்.

கேள்வி (மூன்று பேர் கேட்டது): வேலை கிடைக்குமா? இறையியல் கல்லூரியா, பல்கலைக்கழகமா?

பதில்: ‘கிறிஸ்தவ வரலாறு’ என்ற பெயரில் நம் பல்கலைக்கழகங்களில் பணியிட அறிவிப்பு வருவது மிக அரிது. வரலாற்று ஆசிரியராகத்தான் உள்ளே போக முடியும். அதற்கு வரலாற்றில் முதுகலை, கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் அல்லது செட், முனைவர் பட்டம். ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் ரூ.37,000 வரும், குடும்பத்தின் கையை எதிர்பார்க்காமல் ஆய்வு செய்யலாம். நேர்காணலில் உங்களைத் தென்னிந்திய நவீன வரலாறு, அச்சு வரலாறு, சமூக வரலாறு என்று அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். அது பொய்யல்ல, தரங்கம்பாடி அவை எல்லாவற்றின் பகுதியும்தான்.

இறையியல் வழி என்றால் வங்காளத்துச் செராம்பூர் கல்லூரியின் பி.டி., எம்.டிஎச்., டி.டிஎச். பட்டங்கள். செராம்பூருக்குப் பட்டம் வழங்கும் உரிமை 1827இன் டேனிஷ் அரச சாசனத்தாலும் 1918இன் சட்டத்தாலும் வந்தது. மதுரை அரசரடி, சென்னை குருகுலம், பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரி போன்ற இடங்களில் திருச்சபை வரலாற்றுக்கென்றே ஆசிரியர்கள் உண்டு. ஆனால் அங்கே நியமனத்தில் சபையின் பரிந்துரைக்கும் இடம் உண்டு. அரசு உதவிபெறும் கல்லூரிக்குப் பிறகு மாறலாம் என்று நினைத்தால், உங்கள் பட்டத்துக்குச் சமன்மை உண்டா என்று சேரும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சை நம்பி, ஆண்டுகளைக் கொடுத்துவிட்டு நின்ற மாணவர்களைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரிகிறது.

வெளிநாடு என்றால் எடின்பரோவில் உலகக் கிறிஸ்தவ ஆய்வு மையம் இருக்கிறது, ஜெர்மனிக்கு டாட் (DAAD) உதவித்தொகை இருக்கிறது. முழு நிதி கிடைக்காமல் கடன் வாங்கிப் போகாதீர்கள்.

கேள்வி (சேலம், இளங்கலை மாணவர்): நான் விசுவாசி. ஆய்வு என்று இறங்கினால் விசுவாசம் போய்விடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

பதில்: சிலருக்குப் போயிருக்கிறது, சிலருக்கு ஆழமாகியிருக்கிறது, சிலருக்கு இரண்டும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. இத்துறையில் நான் மதிக்கிறவர்களில் குருக்களும் இருக்கிறார்கள், எந்த மதமும் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். உங்கள் சபைக்குச் சங்கடம் தரும் ஆவணம் கிடைத்தால் அதை மடித்து வைக்காமல் எழுதுவீர்களா என்பதுதான் என் கேள்வி. எழுதுவேன் என்றால் வாருங்கள்.

கேள்வி (தூத்துக்குடி): பட்டமெல்லாம் வேண்டாம். எங்கள் ஊர்க் கோயில் வரலாற்றை மட்டும் எழுத வேண்டும். எங்கிருந்து தொடங்க?

பதில்: பங்கு அலுவலகத்து ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளிலிருந்து. பங்குத்தந்தையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஃப்ளாஷ் போடாமல், கோப்பின் முதுகு பிளக்கும்படி விரிக்காமல், ஒவ்வொரு பக்கத்தையும் வெற்றுப் பக்கம் உட்பட வரிசையாகப் படமெடுங்கள். பக்க எண்ணைக் குறித்துவையுங்கள். ஞானப்பெற்றோர் பெயர், சாட்சிகள் பெயர், ஓரத்தில் கிறுக்கியிருப்பது எதையும் விடவேண்டாம், ஊருக்குள் யார் யாருக்கு வேண்டியவர் என்பது அங்கேதான் தெரியும். அடுத்தது கல்லறைத் தோட்டம், கடற்காற்றில் கல்லெழுத்து தேய்ந்துகொண்டே போகிறது, இந்தக் கோடையிலேயே எடுத்துவிடுங்கள். கத்தோலிக்கப் பங்கு என்றால் கொடைக்கானல் செண்பகனூரில் உள்ள சேசு சபைக் காப்பகத்துக்கு, எந்த ஆண்டு, எந்தக் குருவானவர் என்று குறிப்பாகக் கேட்டு முன்கூட்டியே எழுதுங்கள். படங்களின் ஒரு பிரதியைப் பங்கிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.