பழைய ஏசி, சில்லர், ஹீட்டர்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா? (கேள்வி பதில்)

அலுவலகம், கடை, விடுதி போன்ற இடங்களில் ஓடும் பெரிய யூனிட்கள் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும். வீட்டு ஏசிக்குக் கணக்கு வேறு.

கேள்வி: மொட்டைமாடி பேக்கேஜ் யூனிட்டுக்கு (எல்லா பாகமும் ஒரே பெட்டியில் இருக்கும் ஏசி) 14 வயது. கம்ப்ரசர் எரிந்துவிட்டது. கம்ப்ரசரை மட்டும் மாற்றலாம் என்கிறார் ஒருவர், மொத்த யூனிட்டையும் மாற்றச் சொல்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது சார்?

பதில்: இருவரிடமும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: கம்ப்ரசர் ஏன் எரிந்தது? பதில் சொல்லத் தெரியாதவரை அனுப்பிவிடலாம். கம்ப்ரசர் சும்மா சாகாது. கண்டென்சர் காயிலில் (சூட்டை வெளியே விடும் குழாய்த் தொகுப்பு) தூசி அப்பி ஹெட் பிரஷர், அதாவது கம்ப்ரசர் தள்ளும் பக்க அழுத்தம், ஏறியிருக்கும். இல்லையென்றால் கான்டாக்டர் (கம்ப்ரசருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) முனை கருகி மூன்று பேஸில் ஒன்று விட்டுவிட்டு வந்திருக்கும். ஃபில்டர் அடைத்துக் காற்றோட்டம் குறைந்தால் கேஸ் திரவமாகவே திரும்பிப் போய் ஆயிலைக் கழுவிவிடும். காரணத்தைச் சரி செய்யாமல் புது கம்ப்ரசர் போட்டால் அதுவும் அதே வழியில் போகும். கோளாறு கரண்ட் சப்ளையில் என்றால் புது யூனிட்டும் தப்பாது.

அடுத்து, பழைய கம்ப்ரசர் ஆயிலைப் பார்க்கச் சொல்லுங்கள் (கையில் படக்கூடாது). கன்னங்கரேலென்று கருகல் வாடை அடித்தால் வைண்டிங் எரிந்து அமிலம் லைனுக்குள் பரவியிருக்கும். சக்‌ஷன் லைனில் (கேஸ் கம்ப்ரசருக்குத் திரும்பும் குழாய்) பர்ன்-அவுட் ஃபில்டர் டிரையர், அதாவது அமிலத்தையும் ஈரத்தையும் உறிஞ்சும் வடிகட்டி, போட்டு ஓட்டி, ஆசிட் டெஸ்ட் எடுத்து, சுத்தமாகும்வரை டிரையரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கொட்டேஷனில் இந்த வேலை இல்லையென்றால் அது பாதி வேலைக்குப் போட்ட விலை.

இந்த வகை யூனிட் 15 வருடம் ஓடினாலே நல்ல ஆயுள். காயில் தகடுகள் விரல் பட்டாலே பொடியாக உதிர்கிறதா, அடித்தட்டு துருவில் ஓட்டையா? மாற்றிவிடுங்கள். உடம்பு திடமாக இருந்தால் கம்ப்ரசர் போதும். பழுதுச் செலவு புது விலையில் பாதியைத் தாண்டினால் மாற்று என்று ஒரு கணக்கு சொல்வார்கள். மோசமில்லை, ஆனால் புது விலையோடு கிரேன், டக்ட் மாற்றம், வயரிங் எல்லாவற்றையும் கூட்டிவிட்டுத்தான் பாதி பார்க்க வேண்டும்.

கேள்வி: எங்களுடையது ஆர்-22 கேஸில் ஓடும் ஏசி. வருடாவருடம் கேஸ் டாப்-அப் செய்கிறோம். அதற்குப் பதில் ஆர்-410ஏ கேஸ் அடிக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. 410ஏ-வின் அழுத்தம் ஏறக்குறைய 1.6 மடங்கு, ஆயிலும் வேறு. கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்கிற பொருள் இல்லை, குறைகிறதென்றால் லீக்தான். நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை தடவினால் பெரும்பாலும் இடம் தெரிந்துவிடும். ஃப்ளேர் நட்டில் (குழாய் இணைப்பு) கசிவு என்றால் சரி செய்து ஓட்டுங்கள். எவாபரேட்டர் காயிலில் (காற்றைக் குளிர்விக்கும் காயில்) அங்கங்கே ஊசித்துளை என்றால் பணத்தை அதில் போடாதீர்கள். ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் உடன்பாட்டின்படி வளர்ந்த நாடுகளில் ஆர்-22 உற்பத்தி 2020-இல் நின்றது, வளரும் நாடுகளுக்கு இலக்கு 2030. அப்புறம், அதே உடன்பாட்டின் 2016 கிகாலி திருத்தப்படி 410ஏ போன்றவையும் படிப்படியாகக் குறைக்கப்படுகின்றன. புதிது வாங்கும்போது அதையும் யோசியுங்கள்.

கேள்வி: 22 வயது சென்ட்ரிஃபியூகல் சில்லர் (தண்ணீரைக் குளிர்வித்து ஏசிக்கு அனுப்பும் இயந்திரம்). பழுதே இல்லை, கரண்ட் பில்தான் ஏறுகிறது. மாற்றலாமா?

பதில்: முதலில் கண்டென்சர் அப்ரோச் பாருங்கள், அதாவது கேஸ் குளிர்ந்து திரவமாகும் வெப்பநிலைக்கும் கண்டென்சரிலிருந்து வெளியேறும் தண்ணீரின் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசம். புதிதில் இருந்ததைவிட நன்றாக ஏறியிருந்தால் டியூபில் உப்புப் படிந்திருக்க வாய்ப்பு அதிகம். பிரஷ் போட்டுச் சுத்தம் செய்தாலே பில் இறங்கலாம். அதற்கப்புறமும் ஒரு டன் குளிரூட்டலுக்கு 0.8 கிலோவாட் இழுத்தால் கணக்குப் போடுங்கள். புது சில்லர் 0.6-இல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 200 டன் லோடு, வருடம் 3000 மணி நேரம் என்றால் 1,20,000 யூனிட் மின்சாரம் மிச்சம். உங்கள் கட்டணத்தால் பெருக்கினால் எத்தனை வருடத்தில் போட்ட பணம் திரும்பும் என்று தெரிந்துவிடும். வைத்துக்கொள்வதாக முடிவு செய்தால் டியூப்களுக்கு எடி கரண்ட் டெஸ்ட் (டியூப் சுவர் மெலிந்ததா, விரிசலா என்று பார்க்கும் சோதனை) எடுத்துவிடுங்கள்.

கேள்வி: எரிவாயு ஹீட்டரில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (தீயின் சூட்டைக் காற்றுக்குக் கடத்தும் பாகம்) விரிசல். வெல்டிங் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். இப்போதே அணையுங்கள். கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்தால் வாடைகூடத் தெரியாது. எக்ஸ்சேஞ்சரை மாற்றுங்கள், அது கிடைக்காவிட்டால் ஹீட்டரையே மாற்றுங்கள்.

கேள்வி: மாற்றும்போது அதே டன் போட்டால் போதுமா?

பதில்: புதிதாக லோடு கணக்கெடுங்கள். பழைய டியூப்லைட் போய் எல்இடி வந்திருந்தாலே லோடு குறைந்திருக்கும். பெரிதாகப் போட்டால் அடிக்கடி நின்று நின்று ஓடும். குளிரும், ஆனால் ஈரப்பதம் இறங்காது.

கேள்வி: முதலாளி இந்த வருடம் பணம் இல்லை என்கிறார். இன்னும் ஒரு கோடை ஓட்டலாமா அண்ணே?

பதில்: பாதுகாப்புப் பிரச்சினை இல்லையென்றால் ஓட்டலாம். காயிலைக் கழுவி, ஃபேன் பெல்ட், கான்டாக்டர் ஸ்பேர் வாங்கி வையுங்கள். வாரம் ஒருமுறை அழுத்தமும் ஆம்பியரும் நோட்டில் எழுதுங்கள், ஆம்பியர் மெல்ல ஏறினால் அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரியும். கொட்டேஷனை மட்டும் இப்போதே வாங்கிவிடுங்கள். உச்சக் கோடையில் யூனிட் நின்ற பிறகு தேடினால், எந்த யூனிட் ஸ்டாக்கில் இருக்கிறதோ அதைத்தான் உங்கள் தலையில் கட்டுவார்கள்.