வருமானம் ஓரிடம், வளவு ஓரிடம்
வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பல, ஊருக்கு ஊர் வருமானத்தையும் வீட்டுச் செலவையும் சொத்தையும் எப்படி ஒப்பிடுவது என்பதைப் பற்றியவை. அவற்றில் நான்கை இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மட்டக்களப்பில் தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பகுதியில் மாதம் 95,000 ரூபா சம்பளத்துக்கு வேலை செய்கிறேன். கொழும்பில் 160,000 ரூபாவுக்கு வேலை கிடைத்திருக்கிறது. கல்லடியில் மனைவிக்குச் சீதனமாகக் கிடைத்த வீட்டில் இருக்கிறோம். மாமாவும் மாமியும் அதே வளவில் பின்பக்க வீட்டில் இருக்கிறார்கள். எங்களுக்கு மூன்று வயதில் ஒரு மகள். வெள்ளவத்தையில் இரண்டு அறை வீட்டுக்கு மாதம் 85,000 ரூபா வாடகையும் ஆறு மாத முற்பணமும் கேட்கிறார்கள். 65,000 ரூபா கூடுதலாக வருவதை விடுவது மடமை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். என்ன செய்யலாம், ஐயா?
– வாசகர், கல்லடி

பதில்: உங்கள் நண்பர்கள் சம்பளத்தைச் சம்பளத்தோடு ஒப்பிடுகிறார்கள். நீங்கள் ஒப்பிட வேண்டியது, மாதக் கடைசியில் கையில் மிஞ்சுவதையும் உங்கள் பெயரில் சேர்வதையும்தான்.

முழுச் சம்பளத்துக்கும் ஊழியர் சேமலாப நிதி கட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே 95,000 ரூபாவில் எட்டு வீதமான 7,600 ரூபா கழிந்து 87,400 ரூபா கைக்கு வருகிறது, வாடகை இல்லை. கொழும்பில் 160,000 ரூபாவில் சேமலாப நிதிக்கு 12,800 ரூபா போகும். 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 ரூபா வரை வருமான வரி இல்லை, அதற்கு மேலுள்ள முதற்படிக்கு ஆறு வீதம் என்பதால் வரியாக 600 ரூபா மட்டுமே போகும். கைக்கு வருவது 146,600 ரூபா. அதில் 85,000 ரூபா வாடகைக்குப் போனால் எஞ்சுவது 61,600 ரூபா. ஆக, 65,000 ரூபா கூடுதலாக உழைக்கப் போகும் நீங்கள், உண்மையில் மாதம் 25,800 ரூபா குறைவாக வைத்துக்கொண்டு, விலை கூடிய ஓர் ஊரில் குடும்பம் நடத்தப் போகிறீர்கள். அந்த வீட்டில் இருந்துகொண்டு இன்று கையில் மிஞ்சும் அதே தொகை மிஞ்ச வேண்டுமானால், கொழும்புச் சம்பளம் 190,000 ரூபாவாக இருக்க வேண்டும்.

இதோடு நிறுத்தினால் கொழும்புக்கு அநியாயம் செய்தவனாவேன். சேமலாப நிதிக்கு முதலாளி தன் பங்காகப் பன்னிரண்டு வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு மூன்று வீதமும் கட்டுகிறார். உங்கள் பங்கையும் சேர்த்தால் உங்கள் பெயரில் மாதம் சேர்வது இங்கே 21,850 ரூபா, அங்கே 36,800 ரூபா. இன்று கையால் தொட முடியாது என்றாலும் இதுவும் உங்கள் சொத்துத்தான். இதையும் கணக்கில் சேர்த்தால் இடைவெளி மாதம் 10,850 ரூபாவாகக் குறைந்துவிடுகிறது. கல்லடி வீட்டை வாடகைக்கு விட முடியுமானால், அந்த வாடகை இடைவெளியை முற்றாக மூடிவிடவும் கூடும். சொந்த வீட்டில் இருப்பவர் வாடகை கொடுப்பதில்லை. ஆனால் வாங்கக்கூடிய வாடகையை ஒவ்வொரு மாதமும் விட்டுக்கொடுக்கிறார். நம்மவர்கள் பெரும்பாலும் எண்ணிப் பார்க்காத கணக்கு இது.

ஆயினும் உங்கள் வீடு அப்படி வாடகைக்கு விடக்கூடிய வீடா என்பது எனக்கு ஐயமே. மாமாவும் மாமியும் அதே வளவில் இருக்கையில், முன் வாசலில் வேறொரு குடும்பத்தைக் குடிவைக்க அவர்கள் மனம் ஒப்புவார்களா? மகளைப் பகலில் பார்த்துக்கொள்வது மாமிதானே? கொழும்பில் அதற்கும் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், அல்லது உங்கள் மனைவி வேலைக்குப் போகும் வாய்ப்பைக் கைவிட வேண்டும். முற்பணமாகக் கேட்கும் 510,000 ரூபாவுக்காக நகையை அடகு வைப்பதானால், அந்த வட்டியையும் வாடகையோடு சேர்த்து எழுதுங்கள்.

தனியாகப் போய்ப் போடிங் அறையில் இருப்பது மூன்றாவது வழி. நானும் மூன்று ஆண்டுகள் அப்படி இருந்தவன். அறை வாடகையையும் கடைச் சாப்பாட்டையும் ஒழுங்காக எழுதி வைத்தேன்; மாதம் இரு முறை இரவுப் பேருந்தில் ஊருக்கு வந்துபோன செலவை எழுதவேயில்லை. எழுதியிருந்தால் இன்னும் முன்னதாகவே ஊருக்குத் திரும்பியிருப்பேன்.

என் தீர்ப்பு இதுதான். கணக்கியல் தொழிற்பரீட்சைகளை நீங்கள் எழுதிக்கொண்டிருந்து, கொழும்பில் பெறும் நான்கைந்து ஆண்டு அனுபவம் உங்களை அடுத்த படிக்கு உயர்த்தும் என்றால், முதல் இரண்டு ஆண்டுகளின் இழப்பைப் படிப்புச் செலவாகக் கருதிப் போகலாம். இங்கே செய்யும் அதே வேலையை அங்கே கூடிய சம்பளத்துக்குச் செய்வதுதான் திட்டம் என்றால், 160,000 ரூபாவுக்குப் போகாதீர்கள்.

கேள்வி: கொழும்பு மாவட்டத்தில் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் ஒரு இலட்சத்துக்கு மேல் என்று 2016ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு சொன்னதாக வாசித்தேன். எனக்குத் தெரிந்த கொழும்புக் குடும்பங்களில் பல அப்போது அதில் பாதியைக்கூடக் கண்டதில்லை. இந்தச் சராசரிகளை நம்பலாமா?
– வாசகி, பாண்டிருப்பு

பதில்: எண் சரியானது, நீங்கள் கண்டதும் சரியானது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2016ஆம் ஆண்டு ஆய்வின்படி கொழும்பு மாவட்டத்தின் சராசரிக் குடும்ப வருமானம் மாதம் 104,581 ரூபா. முழு நாட்டின் சராசரி 62,237 ரூபா. ஆனால் அதே ஆய்வு நாட்டின் இடையத்தை 43,511 ரூபா என்கிறது. குடும்பங்களை வருமானப்படி வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானமே இடையம். நாட்டின் பாதிக் குடும்பங்கள் 43,511 ரூபாவுக்கும் குறைவாகவே பெற்றன என்பதே இதன் பொருள். மேலேயுள்ள ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்கள் மொத்த வருமானத்தில் பாதியைப் பெற்றமையால் சராசரி அவ்வளவு உயர்ந்துவிட்டது. ஊர்களை ஒப்பிடும்போது சராசரியோடு சராசரியைப் பார்ப்பதை விட, இடையத்தோடு இடையத்தைப் பார்ப்பதே நேர்மையானது.

வேறொன்றும் உண்டு. மாவட்டம் வேறு, நகரம் வேறு. அதே 2016ஆம் ஆண்டில் வறுமைக் கோட்டின் கீழ் இருந்தோர் மட்டக்களப்பு மாவட்டத்தில் 11.3 வீதம், அம்பாறை மாவட்டத்தில் 2.6 வீதம். இதைப் பார்த்து அம்பாறைக் கரையோரம் முழுவதும் செழிப்பாக இருக்கிறது என்று முடிவு செய்தால் தவறிழைப்போம். தெஹியத்தகண்டியிலிருந்து பொத்துவில் வரை நீளும் மாவட்டம் அது. மட்டக்களப்பின் எண்ணும் அவ்வாறே. வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரையையும் மேற்கேயுள்ள படுவான்கரையையும் ஒரே எண்ணுக்குள் அடக்கினால், படுவான்கரைப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு நடக்கும் தூரம் அதில் தெரிய வராது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. ஏனெனில் உதவித் திட்டங்கள் பல மாவட்ட எண்களைப் பார்த்தே பங்கிடப்படுகின்றன.

வறுமைக் கோட்டைத் திணைக்களம் இப்போது மாவட்டம் மாவட்டமாக வெளியிடுகிறது. 2024இல் நாட்டுக்கான கோடு ஒருவருக்கு மாதம் 16,000 ரூபாவுக்கும் 18,000 ரூபாவுக்கும் இடையில் இருந்தது. மிகக் கூடியது கொழும்பு, மிகக் குறைந்தது மொனராகலை. இவ்விரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் சுமார் எட்டில் ஒரு பங்கு மட்டுமே. அரிசியும் பருப்பும் பால்மாவும் ஊருக்கு ஊர் அவ்வளவாக விலை மாறுவதில்லை. மாறுவது காணி. கொழும்பு 7இல் ஒரு பேர்ச் காணி கோடி ரூபாவைத் தாண்டி விலை போகிறது; நம்மூர்களில் அந்தப் பணத்துக்குக் காணியோடு நல்ல வீடே கிடைக்கும்.

கேள்வி: என் அண்ணன் ரொறன்ரோவில் ஒன்பது இலட்சம் டொலருக்கு வீடு வாங்கியிருக்கிறார். ரூபாவில் பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஆனால் அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்குப் பணம் கேட்டபோது இரண்டு மாதம் பொறுக்கச் சொன்னார். குடும்பத்தில் எல்லோரும் அவரில் கோபமாக இருக்கிறார்கள்.
– வாசகி, ஆரையம்பதி

பதில்: அண்ணன் மீது கோபம் வேண்டாம், தங்கையே. வீட்டின் விலை சொத்து அல்ல. விலையிலிருந்து கடனைக் கழித்த பின் மிஞ்சுவதே சொத்து. ஒன்பது இலட்சத்தில் அவர் ஒன்றரை இலட்சத்தைக் கட்டி, ஏழரை இலட்சத்தை வங்கியில் வாங்கியிருந்தால், அவருக்குச் சொந்தமானது அந்த ஒன்றரை இலட்சம் மட்டுமே.

2020ஆம் ஆண்டில் ரொறன்ரோப் பெருநகரில் இடைய நிலைக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 97,000 டொலர். அவ்வாண்டு அங்கே கைமாறிய வீடுகளின் சராசரி விலை ஏறத்தாழ 930,000 டொலர். அதாவது வரியும் சாப்பாடும் இல்லாமல் முழு வருமானத்தையும் போட்டாலும் ஒன்பதரை ஆண்டு உழைப்பு. இதற்கு மேலாக, கனடாவில் வீட்டுக்கடனை இருபத்தைந்து ஆண்டுக்குப் பகிர்ந்தாலும், வட்டி வீதத்தைப் பொதுவாக ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியிருக்கும். 2022 தொடக்கத்தில் 0.25 வீதமாக இருந்த கனடா மத்திய வங்கியின் வட்டி 2023 ஜூலையில் 5 வீதமானது. அந்த நாட்களில் கடனைப் புதுப்பித்த எத்தனையோ நம்மவர்கள் இரண்டாவது வேலைக்குப் போனார்கள். அந்நாட்டில் வருமானத்தில் முப்பது வீதத்துக்கு மேல் வீட்டுக்குப் போனால் அதைத் தாங்க முடியாத சுமை என்று அரசே கணக்கிடுகிறது.

டொலரை ரூபாவாகப் பெருக்கும்போது இன்னொரு பிழையும் நேர்கிறது. கைப்பேசியும் பெற்றோலும் போன்ற, நாடுவிட்டு நாடு போகும் பொருட்களுக்கு அந்தப் பெருக்கல் ஓரளவு பொருந்தும். முடி வெட்டுதல், ஆட்டோ, குழந்தை பார்த்தல், மேசன் கூலி ஆகியவற்றுக்குச் சற்றும் பொருந்தாது. அவர் டொலரில் உழைத்து டொலரில் செலவழிக்கிறார். இங்கே அனுப்பும் டொலர் மட்டுமே நம் கணக்கில் பெரிதாகிறது. இரண்டு மாதத்தில் தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்றால், அவர் கணக்குப் பார்த்தே சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன். மருத்துவர் இரண்டு மாதம் காத்திருக்கலாம் என்றால் காத்திருங்கள்; கூடாது என்றால் அதை அண்ணனிடம் நேராகச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு இரண்டு பெண் மக்கள். மூத்த மகளுக்குக் கலியாணம் பேசுகிறோம், வீடு கேட்கிறார்கள். எங்கள் ஊரில் காணி விலை கொழும்பின் புறநகர் விலை போலிருக்கிறது. இறக்காமம் பக்கம் ஐந்து ஏக்கர் வயல் இருக்கிறது. அதை விற்றுத்தான் வீடு கட்ட வேண்டுமா?
– வாசகர், சாய்ந்தமருது

பதில்: உங்கள் ஊரில் விலை ஏறியதற்குக் காரணம் கண்ணெதிரே இருக்கிறது: கிழக்கே கடல், மேற்கே வயல். வயலை நிரப்பி வீடு கட்ட 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அனுமதியின்றி இடமளிப்பதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கரையோர வீடுகளை வாரிச் சென்ற பின், கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அரசு முதலில் அறிவித்ததும் (பின்னர் அது தளர்த்தப்பட்டது), கடலோரத்தில் இருந்தவர்கள் உள்ளே வந்து அதே ஒடுங்கிய நிலத்துக்குப் போட்டியிட்டார்கள். இவற்றின் மேல் வளைகுடாப் பணமும், ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு என்ற வழக்கமும் சேர்ந்துகொண்டன. தமிழரும் முஸ்லிம்களும் வேறுபாடின்றிக் கடைப்பிடிக்கும் வழக்கம் இது.

இவ்வழக்கத்தில் ஒரு பெரு நன்மையை நான் காண்கிறேன். நம் கரையோரத்தில் வீட்டின் உறுதி பெண்ணின் பெயரில் இருக்கிறது. கணவன் கைவிட்டாலும் இறந்தாலும் அவள் தெருவுக்கு வருவதில்லை. ஆண்களின் சம்பளத்தை மட்டும் வைத்து ஊர்களை ஒப்பிடுவோருக்கு இந்தச் சொத்து தென்படுவதேயில்லை. ஆனால் அந்த வீட்டைக் கட்டத் தகப்பன் ஆயுள் முழுதும் உழைப்பதையும், வயலை விற்பதையும், தாய் நுண்நிதிக் கடனில் மாட்டுவதையும் நாள்தோறும் பார்க்கிறேன். வயல் போகத்துக்குப் போகம் நெல் தரும், அல்லது குத்தகை தரும்; வீடு தங்க இடம் தரும், சாப்பாடு தராது. வயலை முழுதாக விற்று வீடு கட்டினால் உங்கள் சொத்தின் பெறுமதி குறையாது. ஆனால் வருமானம் நின்றுவிடும், இரண்டாவது மகளுக்கு ஒன்றும் மிஞ்சாது.

ஆகையால் முழுவதையும் விற்காதீர்கள். இப்போதுள்ள வளவிலேயே கீழ்த்தளத்தை மூத்தவளுக்கும் மேல்தளத்தைப் பின்னர் இளையவளுக்கும் கட்ட முடியுமா என்று பாருங்கள். காணிச் செலவு முழுதும் மிச்சமாகும். அப்படிச் செய்வதானால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேல்தளத்தை மட்டும் தனியாக உறுதி எழுதிவிட முடியாது; 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க அடுக்குமாடி உடைமைச் சட்டத்தின்படி வரைபடம் பதிவு செய்யப்பட்டால்தான் ஒவ்வொரு தளமும் தனிச் சொத்தாகும். இல்லாவிட்டால் இரு மகளும் பிரிபடாத பங்குக்காரராகவே இருப்பார்கள். ஒருத்தி தன் பங்கை வைத்து வங்கியில் கடன் கேட்கும்போது சிக்கல் எழும். அத்திவாரம் போடுவதற்கு முன்பே நொத்தாரிசையும் நில அளவையாளரையும் சந்தித்துப் பேசிவிடுங்கள்.