மெல்லிய மடிக்கணினியும் வாடகைச் சேமிப்பகமும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: "164 ஜிபி மடிக்கணினி" என்று சொல்லி விற்றார்கள். வீட்டில் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது 64 ஜிபிதான். மீதி 100 ஜிபி கிளவுடில் இருக்கிறதாம். விண்டோஸ் புதுப்பிப்புக்கே இடம் இல்லை என்கிறது. என்ன செய்வது? – வாசகி, கரூர்

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், இதில் உங்கள் தவறு ஏதுமில்லை. பக்கத்து வீட்டுத் திண்ணையையும் சேர்த்துச் சதுர அடிக் கணக்குச் சொல்லி வீட்டை விற்பதைப் போன்ற இந்தக் கூட்டல் வியாபாரத்தைக் காணும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் விதித்திருக்கும் குறைந்தபட்சச் சேமிப்பிடமே 64 ஜிபிதான் என்பதால், இயங்குதளமும் அதன் புதுப்பிப்புகளும் போக உங்களுக்கென்று மிஞ்சுவது சொற்பம். இந்த விலையில் கிடைக்கும் கணினிகளில் பெரும்பாலும் ஈஎம்எம்சி என்ற சேமிப்புச் சில்லைத் தாய்ப்பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். ஆகவே, பிறகு பெரியதாக மாற்றிக்கொள்ளவும் வழியில்லை.

அந்த 100 ஜிபியோ கிளவுடில், அதாவது இணையம் வழியாக வேறொரு நிறுவனத்தின் கணினிகளில் கிடைக்கும் வாடகை இடம். இத்தகைய சலுகைகள் பொதுவாக ஓராண்டுக்குத்தான் இலவசம். அதன் பிறகு சந்தா கட்ட வேண்டும். கூகுள் கணக்காக இருந்தால், சந்தா நின்றதும் ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் பொதுவான 15 ஜிபிக்குத் திரும்பிவிடுவீர்கள்; அதற்கு மேல் வைத்திருந்தால் புதிய மின்னஞ்சல்கூட வந்து சேராது, 2 ஆண்டுகள் அப்படியே விட்டுவைத்தால் கோப்புகள் அழிக்கப்படவும் கூடும்.

ரசீது, பெட்டி, விளம்பரம் ஆகியவற்றைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்தால் போதும். வாய்மொழியாகச் சொன்னதை மெய்ப்பிப்பது கடினம் என்பதால், 164 என்ற எண் எங்கேனும் அச்சில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

கேள்வி: என் வேலை முழுவதும் கிளவுடில்தான். 4 ஜிபி ராம் (வேலை நடக்கும்போது கணினி பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) போதுமா?

பதில்: போதாது. கணக்கீடு எங்கோ இருக்கும் சர்வரில் நடந்தாலும் பிரௌசர் உங்கள் மடியில்தான் ஓடுகிறது. மலிவாகக் கிடைத்ததென்று நான் வாங்கிய 4 ஜிபி கணினியில், காணொளிக் கூட்டம் நடக்கும்போது ஒரு ஸ்பிரெட்ஷீட்டைத் திறந்தால் எதிரில் பேசுபவரின் வாய் அசைவதே நின்றுவிடும். 8 ஜிபிக்குக் குறையாமல் வாங்குங்கள்.

கேள்வி: கல்லூரித் திட்டப்பணிக்காக அமேசான் கிளவுடில் ஒரு சர்வரை இயக்கி, வேலை முடிந்ததும் நிறுத்திவிட்டேன். ஆனாலும் மாதந்தோறும் பில் வருகிறது. – மாணவர், கோவை

பதில்: நிறுத்துவது வேறு, நீக்குவது வேறு. நிறுத்திய சர்வரின் இயக்க நேரத்துக்குத்தான் கட்டணம் இல்லை. அதனோடு இணைந்த சேமிப்பு வட்டுக்குக் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். நிலையான பொது ஐபி முகவரியை (இணையத்தில் சர்வரை அடையாளம் காட்டும் எண்ணை) ஒதுக்கி வைத்திருந்தால், அதற்கும் மணிக்கு 0.005 டாலர் வசூலிக்கிறார்கள். அது மாதத்துக்கு ஏறக்குறைய மூன்றரை டாலர் ஆகும். சர்வர், வட்டு, முகவரி ஆகிய மூன்றையும் நீக்கிவிட்டு, நீங்கள் மாணவர் என்பதையும் நடந்ததையும் விளக்கி அவர்களுடைய பில்லிங் உதவிப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். செலவு வரம்பு எச்சரிக்கையையும் அமைத்து வையுங்கள்; ஆனால் எச்சரிக்கை மட்டும் தானாக எதையும் நிறுத்திவிடாது.

கேள்வி: பழைய குரோம்புக் (கூகுளின் இயங்குதளத்தில் ஓடும் மடிக்கணினி) ஒன்றை மலிவாக வாங்கினேன். இனிப் புதுப்பிப்பு வராது என்று திரையில் காட்டுகிறது. விற்றவர் திரும்பப் பெற மறுக்கிறார்.

பதில்: வாங்குவதற்கு முன் மாடல் பெயரை இணையத்தில் ஒரு முறை தேடியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை இருந்திருக்காது. ஒவ்வொரு குரோம்புக்குக்கும் தானியங்கிப் புதுப்பிப்பு முடியும் தேதியைக் கூகுள் வெளியிட்டிருக்கிறது. 2021 முதல் வந்த மாடல்களுக்கு 10 ஆண்டுகள் என்று 2023-இல் அறிவித்தார்கள். அந்த 10 ஆண்டுகளும் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, அந்த வன்பொருள் வெளிவந்த நாளிலிருந்தே எண்ணப்படுகின்றன. பாதுகாப்புப் புதுப்பிப்பும் வராது என்பதால், இப்போதைக்கு அதில் உங்கள் வங்கிக் கணக்குக்குள் நுழையாதீர்கள்.

கேள்வி: இடம் பிடிக்கிறதென்று மடிக்கணினியில் இருந்த கோப்புகளை அழித்தேன். கிளவுடிலும் காணவில்லை. குழந்தையின் படங்கள் அதில் இருந்தன.

பதில்: இன்றே குப்பைத் தொட்டிப் பகுதியைத் திறந்து பாருங்கள். கூகுள் டிரைவில் அழித்தவை 30 நாள்கள் அங்கே இருக்கும். ஃபோட்டோஸில் காப்பெடுத்த படங்கள் 60 நாள்கள் இருக்கும். உங்கள் கணினியில் இருந்தது ஒத்திசைவு. ஓரிடத்தில் அழித்தால் மற்ற இடத்திலும் அழிவதுதான் அதன் வேலை. "பாதுகாப்பாக இருக்கும்" என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்பவர்கள் இதையும் அதே அளவில் சொல்லியிருக்க வேண்டும். படங்கள் திரும்பக் கிடைத்தால், முதல் வேலையாகத் தனி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகலெடுத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் மலைப்பகுதியில் இணையம் அடிக்கடி அறுந்துவிடும். கிளவுடை நம்பி லேசான கணினி வாங்கலாமா?

பதில்: கூடாது. கணினிக்குள்ளேயே 256 ஜிபி எஸ்எஸ்டி (வேகமான சேமிப்புச் சாதனம்) இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.