டீசல் விலையும் லொறி வாடகையும்

கேள்வி: கொழும்புக்கு மரக்கறி ஏற்றும் இரண்டு லொறிகளை வைத்திருக்கிறேன். எரிபொருள் விலை அடிக்கடி மாறுவதால், வியாபாரிகளிடம் என்ன வாடகை பேசுவதென்றே தெரியவில்லை. வழி என்ன?
– ஒரு வாசகர், சுன்னாகம்

பதில்: 2022 யூன் இறுதியில் ஒரு லீற்றர் ஒட்டோ டீசல் 460 ரூபாயானதையும், அதற்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றதையும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே ஆண்டு முழுவதற்கும் ஒரே வாடகை என்று வாக்குக் கொடுக்காமல், சாரதி சம்பளம், ரயர், காப்புறுதி, தேய்மானம் ஆகியவற்றை ஒரு தொகையாகவும், டீசலை அன்றைய விலைப்படி மாறும் தொகையாகவும் பிரித்து, வியாபாரியுடன் எழுத்தில் உடன்பட்டுக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். உங்கள் லொறி லீற்றருக்கு 5 கிலோமீற்றர் ஓடுமாயின் போய்வர 160 லீற்றர் வேண்டும். லீற்றருக்கு 20 ரூபாய் கூடினால், ஒரு பயணத்துக்கு 3,200 ரூபாய் கூடுதலாகச் செலவாகும். இந்த 5 என்ற எண் வெறும் உதாரணமே. தாங்கியை முழுமையாக நிரப்பி ஓடி, மீண்டும் நிரப்பும்போது ஏறிய லீற்றரால் ஓடிய தூரத்தை வகுத்து, உங்கள் எண்ணை நீங்களே கண்டுபிடியுங்கள். சாரதியின் கைக்கணக்கு, அவர் எவ்வளவு நேர்மையானவராயினும், இதற்குப் போதாது.

காற்றுக் குறைந்த ரயரும் வீணாக இயங்கும் எஞ்சினும் டீசலைக் குடிக்கும் என்பது உண்மையே. ஆனால் பெரிய நட்டம் வெறுமையாகத் திரும்புவதில்தான். திரும்பும் வழியில் மாவோ சீமெந்தோ அரைவாசி வாடகைக்குக் கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டே வாருங்கள்.