மேக்ஃபைலில் '-ஆப்ஜ்ஸ்' போய் '-ஒய்' வரும்போது

கேள்வி: லினக்ஸ் கெர்னலில் ஒரு டிரைவரைப் பராமரிக்கிறேன். அதன் மேக்ஃபைலில் (எந்தக் கோப்புகளைச் சேர்த்து பில்ட் செய்வது என்று சொல்லும் கோப்பு) '-ஆப்ஜ்ஸ்' (-objs) என்றிருப்பதை '-ஒய்' (-y) ஆக்கச் சொல்கிறார் ரிவ்யூ செய்தவர். இப்போதே நன்றாகத்தானே பில்ட் ஆகிறது, ஏன் மாற்ற வேண்டும்? எடிட்டரில் மொத்தமாகத் தேடி மாற்றினால் போதுமா?

பதில்: மாற்றுங்கள், அவர் சொல்வது சரி. ஆனால் மொத்தமாகத் தேடி மாற்றுவது மட்டும் வேண்டாம்.

'-ஆப்ஜ்ஸ்' என்பது, பில்ட் நடக்கும் கணினியிலேயே ஓடும் உதவி புரோகிராம்களுக்கான பின்னொட்டு. டிரைவருக்கு '-ஒய்'. கெர்னலின் பில்ட் அமைப்பான கேபில்ட் இரண்டையும் ஏற்றுக்கொள்வதால் பழைய வரிகள் இன்னும் ஓடுகின்றன. '-ஒய்' பக்கம் வந்தால் உங்களுக்கே லாபம்: டீபக் விருப்பத்துக்காக (பில்டுக்கு முன் கான்ஃபிக்கில் போடவோ அணைக்கவோ கூடிய தேர்வு) தனியாக ஒரு நிபந்தனை எழுதத் தேவையில்லை. 'சென்சார்-$(கான்ஃபிக்_சென்சார்_டீபக்) += டீபக்.ஓ' என்ற ஒரே வரி போதும்.

சிக்கல் எங்கே என்றால், இப்படி எழுதிய மேக்ஃபைல்களில்:

சென்சார்-ஆப்ஜ்ஸ் := கோர்.ஓ
சென்சார்-$(கான்ஃபிக்_சென்சார்_டீபக்) := டீபக்.ஓ

இப்போது இவை இரண்டும் வெவ்வேறு மாறிகள், அதனால் பிரச்சினை இல்லை. முதல் வரியை 'சென்சார்-ஒய்' ஆக்கினால், டீபக் விருப்பம் 'ஒய்' ஆக இருக்கும்போது இரண்டும் ஒரே மாறி. இரண்டாவது வரியின் ':=' முதல் வரியை அழித்துவிடும், கோர்.ஓ காணாமல் போகும். உங்கள் கணினியில் அந்த விருப்பம் அணைந்திருந்தால் எந்தப் பிழையும் வராது. பேட்ச் உள்ளே போன பிறகு வேறு யாருக்கோ பில்ட் உடையும். ஆகவே முதல் வரி தவிர மற்ற எல்லாவற்றிலும், இருப்பதை அழிக்காமல் அதோடு சேர்க்கும் '+=' இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பாதியை மாற்றிப் பாதியை விடவும் கூடாது. '-ஆப்ஜ்ஸ்' பட்டியல் முதலிலும் '-ஒய்' பட்டியல் அப்புறமும் சேர்வதால் லிங்க் வரிசை, அதாவது ஆப்ஜெக்ட் கோப்புகள் இணைக்கப்படும் வரிசை, மாறிவிடக்கூடும்.

மாட்யூலின் (தனியாக ஏற்றும்படி பில்ட் ஆகும் டிரைவர்) பெயரை இந்தச் சாக்கில் தொடாதீர்கள். மாட்யூல் அளவுருக்களை அந்தப் பெயரை வைத்துத்தான் பயனர்கள் எழுதி வைத்திருப்பார்கள்.

கடைசியாக, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் பில்ட் செய்து, மாட்யூலுக்கு உருவாகும் '.மாட்' கோப்பை ஒப்பிடுங்கள். எந்தெந்த ஆப்ஜெக்ட் கோப்புகள் சேர்ந்தன என்ற பட்டியல் அதில் இருக்கும். விருப்பங்கள் எல்லாம் போட்டு ஒருமுறை, எல்லாம் அணைத்து ஒருமுறை செய்யுங்கள். இரண்டு முறையும் மாற்றத்துக்கு முன்பிருந்த பட்டியல் வரிசை மாறாமல் அப்படியே இருந்தால் பேட்சை அனுப்பலாம்.