உப்புக்காத்து ஊருக்கு டவுன்லைட்: கேட்டதும் சொன்னதும்

மண்டபத்துலருந்து தொண்டி வரைக்கும் வயரிங் வேலை பார்க்கிறவன் நான். சீலிங்குக்குள்ள பதிக்கிற லைட் பத்திக் கேட்டதுக்கெல்லாம் இங்க பதில்.

தங்கச்சிமடம்: அண்ணே, கடலை ஒட்டின வீடு. ஹாலுக்கு ஜிப்சம் சீலிங். எதைப் பார்த்து வாங்கணும்?

வாட்டை அப்புறம் பாருங்க. முதல்ல லைட்டைக் கவுத்து முதுகைப் பாருங்க. ரெண்டு பக்கமும் இருக்கிற ஸ்பிரிங் கிளிப்தான் அதைப் பலகையில கவ்விப் பிடிக்குது. சாதா இரும்புன்னா துருவேறி ஒருநாள் லைட் வயர்ல தொங்கும். துருப்பிடிக்காத கிளிப்பான்னு கேட்டே வாங்குங்க. அடுத்தது டிரைவர், அதாவது எல்ஈடிக்கு ஏத்த மாதிரி கரண்டை மாத்திக் குடுக்கிற பொருள். பெரும்பாலும் எல்ஈடிக்கு முன்ன அதுதான் சாகும். தனிப் பெட்டியா இருந்தா அதை மட்டும் மாத்திக்கலாம். அட்டையில ஐபி65னு, அதாவது தூசியும் தண்ணியும் உள்ள போகாதுன்னு, போட்டிருந்தாலும் முழுசா நம்பாதீங்க. பல லைட்டுல அது கீழ தெரியுற முகத்துக்கு மட்டும்தான், மேல் பக்கத்துக்கு இல்ல. அதை நம்பி ஒரு போர்ட்டிகோவுல ஆறு மாட்டினேன். மழை முடியுறதுக்குள்ள நாலு போச்சு, காசு என் கையிலருந்து. இன்னொண்ணு, லைட் கைக்கு வராம ஓட்டை போடாதீங்க.

பாம்பன்: 10க்கு 12 ரூமுக்கு எத்தனை வாட்?

8 வாட்ல நாலு, சுவத்துலருந்து ரெண்டரை அடி தள்ளி. ஃபேன் இறக்கைக்கு நேர் மேல வராமப் பாத்துக்குங்க, நிழல் வெட்டி வெட்டி அடிக்கும்.

தேவிபட்டினம்: 10க்கு 11 ரூம், எத்தனை வாட்?

மேல பாருங்க.

கீழக்கரை: காக்கா, மஞ்சளா வெள்ளையா?

படுக்கிற ரூமுக்கு 3000 கெல்வின், அது மஞ்சள். ஹாலுக்கு 4000. நம்பர் ஏற ஏற வெள்ளையாகும். 6500 வேணாம், ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்.

ஏர்வாடி: என்னண்ணே இப்படிச் சொல்றீங்க? மஞ்சள் போட்டா வீடே இருட்டு. வெள்ளைதான் வெளிச்சம்.

வெளிச்சத்தோட அளவு லூமென்ல இருக்கு தம்பி, நிறத்துல இல்ல. சமையல்கட்டுக்கு நிறத்தை விட சிஆர்ஐ முக்கியம், அதாவது பொருளோட நிறத்தை லைட் எவ்வளவு சரியாக் காட்டுதுங்கிற அளவு. 90க்கு மேல பாருங்க. மட்டமான லைட்டுக்கடியில மீன் செவுள் சிவப்பா, வெளுத்துப் போச்சான்னே தெரியாது.

கீழக்கரை: மீனை வாங்குறப்பப் பாக்காம, வீட்டுக்குக் கொண்டுவந்தா செவுளைத் தூக்கிப் பாக்குறது?

ஏர்வாடி: அதானே! எங்கம்மா தொட்டே சொல்லிரும்.

சரிப்பா, மீன் உதாரணம் தப்பு. அரிசியில கல்லு பொறுக்க லைட் வேணுமா வேணாமா? சிஆர்ஐ 90. அவ்வளவுதான்.

தொண்டி: எங்க ரூமுக்கு எத்தனை வாட் சார்?

ரூம் அளவு சொல்லாம எப்படிச் சொல்றது? அளவு இருந்தா பாம்பன்காரருக்குச் சொன்னதைப் படிங்க. கிளிப்பைப் பத்திச் சொன்னதையும் சேர்த்துப் படிங்க.

உச்சிப்புளி: நாளைக்குக் கான்கிரீட் போடுறோம். ஜிப்சம் வேணாம், கான்கிரீட்லயே டவுன்லைட் பதிக்கலாமா?

இதை இப்பவா கேக்குறது! பதிக்கலாம். ஆனா கம்பி கட்டினதும், கொட்டுறதுக்கு முன்ன பெட்டியும் பைப்பும் உள்ள உக்காரணும். இறுகினப்புறம் குடைஞ்சா கம்பியில போய் நிக்கும். இப்பவே மேஸ்திரிக்குப் போன் போடுங்க. எனக்கு அப்புறம் எழுதலாம்.