எலுமிச்சைக் கொழுந்தில் வெள்ளைக் கோடுகள்: இலையைப் பறிக்கலாமா, மருந்து அடிக்கலாமா?

கேள்வி: கொல்லையில் இரண்டு வயது எலுமிச்சைக் கன்றுகள் மூன்று நிற்கின்றன. மழைக்குப் பிறகு வந்த கொழுந்து முழுக்கப் பாம்பு ஊர்ந்த மாதிரி வெள்ளைக் கோடுகள். இலையும் சுருண்டுபோகிறது. கோடு விழுந்த இலைகளை எல்லாம் பறித்துப் போட்டேன். அடுத்த துளிரிலும் அதே கதைதான். உரக்கடையில் ஒரு பூச்சிமருந்து கொடுத்து, வாரம் ஒரு முறை அடிக்கச் சொன்னார்கள். அடிக்கலாமா? பக்கத்தில் உள்ள தக்காளியிலும் இப்படிக் கோடுகள் இருக்கின்றன. அங்கிருந்துதான் பரவுகிறதா?

பதில்: முதலில் இலை பறிப்பதை நிறுத்துங்கள். மருந்துப் புட்டியையும் இப்போதைக்குத் திறக்க வேண்டாம். கன்றுகள் சாகாது.

உங்கள் எலுமிச்சையில் இருப்பது இலைத்துளைப்பான். ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா என்ற மிகச் சிறிய அந்துப்பூச்சியின் புழு இது. 1856-ல் கல்கத்தாவிலிருந்து கிடைத்த பூச்சிகளை வைத்துத்தான் இதை அறிவியல் உலகுக்கு முதலில் விவரித்தார்கள். ஆக, இது நம் பக்கத்துப் பூச்சி. இறக்கையை மடக்கி உட்கார்ந்தால் இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். பொழுது சாய்ந்த பிறகுதான் நடமாடும் என்பதால் பெரும்பாலும் நம் கண்ணில் படாது.

ஒரு இலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெள்ளைக் கோட்டின் நடுவே நூல் மாதிரி கறுப்பாக ஒரு இழை ஓடும். அது புழுவின் எச்சம். அந்த இழையைத் தொடர்ந்து கோட்டின் அகன்ற முனைக்கு வந்தால், மஞ்சள் கலந்த பச்சையில் தட்டையான புழு ஒன்று கிடக்கும். வளர்ச்சி முடிந்ததும் இலையின் ஓரத்துக்கு வந்து, விளிம்பைப் பட்டிழையால் மடித்து உள்ளே கூட்டுப்புழுவாகும். இலை சுருள்வதில் இதற்கும் பங்கு உண்டு. நம் ஊர்ச் சூட்டில் முட்டையிலிருந்து அந்துப்பூச்சியாக இரண்டு மூன்று வாரம் போதும்.

இந்தப் புழு இலையின் மேல்தோலைத்தான் குடைகிறது. தோலில் உள்ள செல்களின் சாற்றைக் குடித்துவிட்டுப் போகும்; அடியிலுள்ள பச்சைப் பகுதியைப் பெரும்பாலும் தொடாது. அதனால் கோடு விழுந்த இலையும் செடிக்கு உணவு தயாரித்துக்கொண்டேதான் இருக்கிறது. அதைப் பறித்தால் புழு எடுத்ததைவிட நீங்கள் எடுத்தது அதிகமாகிவிடும். அதோடு, பறித்த இடத்துக்குப் பக்கத்திலிருந்து செடி மறுபடி துளிர்க்கும். இந்தப் பூச்சிக்கு வேண்டியதே அந்த இளந்துளிர்தான். முற்றிய இலையில் அதற்கு வேலை இல்லை. ஒவ்வொரு முறை பறித்தபோதும் அடுத்த தலைமுறைக்கு நீங்களே இலை போட்டிருக்கிறீர்கள்.

நான்கு வயது தாண்டிய மரம் இந்தத் தாக்குதலைத் தாங்கிக்கொள்ளும், காய்ப்பு குறையாது. கன்றுக்கு இருக்கும் இலையில் பாதி கொழுந்துதான் என்பதால், வளர்ச்சி கொஞ்சம் பின்தங்கும். அதற்காகத்தான் கவனம் தேவை. ஆனால் நான் உண்மையில் கவலைப்படுவது வேறொன்றுக்கு.

அது சொறி நோய். இது பாக்டீரியாவால் வருவது. மழைத்துளி தெறித்துப் பரவும். எலுமிச்சைக்கு இந்த நோயைத் தாங்கும் சக்தி மிகவும் குறைவு. புழு குடைந்த இலையில் கிழிந்த தோல் பாக்டீரியாவுக்குத் திறந்த வாசலாகிவிடுகிறது. இலையிலோ காயிலோ பழுப்பு நிறத்தில், தடவினால் சொரசொரப்பாக, சுற்றிலும் மஞ்சள் வளையத்தோடு புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் குச்சிகளை மட்டும் வெயில் நாளில் வெட்டி எரித்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு மூன்று கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்து தெளிக்கலாம். புள்ளி இல்லையென்றால் இது தேவையில்லை.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இந்த இரண்டும் கைகோத்ததைப் பார்த்தார்கள். 1993-ல் இலைத்துளைப்பான் அங்கே போய்ச் சேர்ந்தது. 1995-ல் மயாமி பக்கம் சொறி நோய் தலைகாட்டியது. நோயை ஒழிக்க வீட்டுத் தோட்டங்களில் நின்ற நல்ல மரங்களைக்கூட வெட்டினார்கள். பிறகு புயல்கள் நோயை எங்கும் பரப்பிவிட, 2006-ல் அந்த ஒழிப்புத் திட்டத்தையே கைவிட வேண்டியதாயிற்று. பூச்சியை மட்டும் சமாளிக்க அவர்கள் நம்பியது ஒரு குளவியை. 1994-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த ஏஜினியாஸ்பிஸ் சிட்ரிகோலா என்ற ஒட்டுண்ணிக் குளவி அது. இலைத்துளைப்பானின் உடலுக்குள் அது வைக்கும் ஒரே முட்டை பலவாகப் பிரிந்து, அந்தப் புழுவையே தின்று வளர்ந்து, ஒரு புழுவிலிருந்து பல குளவிகள் வெளிவரும்.

நம் தோட்டங்களிலும் இப்படிப்பட்ட குளவிகள் தாமாகவே இருக்கின்றன. ஒரு பூதக்கண்ணாடி எடுத்துப் பத்துக் கோடுகளைப் பாருங்கள். சிலவற்றில் புழு செத்துச் சுருங்கி, பக்கத்தில் சின்னதாகக் கறுத்த கூட்டுப்புழு ஒன்று இருக்கும். அது குளவி. உங்கள் தோட்டத்தின் உண்மையான மருந்து அதுதான். வாரம் ஒரு முறை மருந்து அடித்தால், தோலுக்கடியில் இருக்கும் புழு பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். வெளியே திரியும் குளவியும், சிலந்தியும், கண்ணாடி இறக்கைப் பூச்சியும் சாகும். பூ இருக்கும் நேரமாக இருந்தால் தேனீயும் சேர்த்து. சாதுவாக இருந்த பூச்சியைப் பெரிய தொல்லையாக்குவது பல தோட்டங்களில் இந்த வாராந்திர மருந்துதான்.

தக்காளியில் இருப்பது வேறு பூச்சி. அது லிரியோமைசா என்ற ஈயின் புழு, எலுமிச்சைக்கு வராது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அந்த ஈ 1990-களின் தொடக்கத்தில் இந்தியாவில் பரவத் தொடங்கி, தக்காளி, அவரை, பருத்தி, செவ்வந்தி என்று எதையும் விடவில்லை. கண்ட மருந்தையும் தாங்கிப் பழகிய ஈ அது. அங்கேயும் காப்பது குளவிகள்தான். வரப்புக் களைகளிலும், மரங்களிலும், பயிரைத் தொடாத வேறு இலைத்துளைப்பான்கள் வாழ்கின்றன. பயிரில் புழு இல்லாத நாட்களில் பல குளவிகளுக்கு அவைதான் சோறு. அதனால் கொல்லையை ஒரு புல் இல்லாமல் மொட்டையாகச் செதுக்காதீர்கள். வேலியோரம் கொஞ்சம் களையும், தும்பையோ துளசியோ பூத்து நிற்பதும் நல்லதே. ஆஸ்திரேலியாவில் உண்ணிச்செடியை அடக்கவே இலை குடையும் வண்டு ஒன்றை 1966-ல் கொண்டுபோய் விட்டார்கள். இலை குடைவதெல்லாம் நமக்கு எதிரி என்று நினைக்க வேண்டியதில்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். மட்கிய எரு போதும். தண்டிலிருந்து விறுவிறுவென்று மேலே போகும் நீர்ப்போத்துகளை மட்டும் நறுக்கிவிடுங்கள். அவற்றின் இளந்துளிர்தான் பூச்சியை வளர்க்கிறது. மற்றபடி கவாத்தை வருடத்துக்கு ஒரு முறையோடு நிறுத்துங்கள்.

அடுத்த துளிர் விரலளவு நீண்டதும் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளியுங்கள். 50 கிராம் வேப்பங்கொட்டையை இடித்து, துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் இரண்டு பக்கமும் நனைய அடிக்க வேண்டும். அன்றைக்கே தீர்த்துவிடுங்கள், மறுநாளைக்கு வைக்க வேண்டாம். இலை முற்றும்வரை வாரம் ஒரு முறை தெளித்தால் போதும்; முற்றிய பிறகு தேவையே இல்லை.